கப் காடெட் 124-க்கு நிமிர்ந்த புகைக்குழாய்: வீட்டிலேயே செய்யலாமா?

ஓஹாயோ_வேலு:
வண்டி 1967–69 வரிசை கப் காடெட் 124, புல் வெட்டும் சின்ன டிராக்டர். எஞ்சின் கோலர் கே301, ஒற்றை சிலிண்டர், 12 குதிரைத்திறன். பழைய சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பெரிய டிராக்டர் மாதிரி பானெட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் குழாய் வைக்க ஆசை. 1 இன்ச் கால்வனைஸ்டு (துத்தநாகப் பூச்சு) எல்போ, நிப்பிள் (இரு முனையிலும் மரையுள்ள குட்டிக் குழாய்), 18 இன்ச் பைப் வாங்கி வைத்திருக்கிறேன். எஞ்சினில் புகை வெளியேறும் வாசலான போர்ட்டில் எல்போவை முடுக்கி, அதன் மேல் பைப்பை ஏற்றினால் போதுமா?

இன்னும் மூன்று சந்தேகம். சைலன்சர் இல்லாமல் ஓட்டினால் வால்வு கருகிவிடும் என்கிறார்களே, நிஜமா? மழைத்தண்ணீர் உள்ளே போனால்? பழைய நிப்பிளின் அடிக்கட்டை போர்ட்டுக்குள்ளேயே முறிந்து நிற்கிறது, அதை எப்படி எடுப்பது?

கிரீஸ்_கை:
முதலில் அந்தக் கால்வனைஸ்டு சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும். லோடு ஏறினால் போர்ட் வாசலில் சூடு அதைத் தாண்டிவிடும். பூச்சு பொரிந்து உரியும். அதில் வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். பூச்சில்லாத கறுப்பு இரும்பு பைப், ஷெட்யூல் 40 (கனத்த சுவர் உள்ள ரகம்), அதுதான் சரி.

அடிக்கட்டை விஷயத்துக்கு அவசரம் ஆகாது. இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் புகைப் போர்ட்டும் ஒரே பக்கம். நெருப்பு காட்டுவதற்கு முன் பெட்ரோல் லைனையும் கார்பரேட்டரையும் கழற்றித் தூரமாக வையுங்கள். ஃப்ளைவீலைச் சுற்றி, பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், இரும்புத்தூள் சிலிண்டருக்குள் போகாது. டார்ச் வேலை முடிந்து ஆறிய பிறகு, வெட்டத் தொடங்கும் முன், போர்ட்டின் ஆழத்தில் ஒரு துணி உருண்டை. அதில் நூல் கட்டி வெளியே தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

துணி வைக்கும் முன் அடிக்கட்டையை உள்பக்கமாக டார்ச்சில் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தேயுங்கள். உருகிய மெழுகு இடுக்கில் இறங்கும். ஆறியதும் பைப் எக்ஸ்ட்ராக்டர் போட்டுப் பாருங்கள். அசையவில்லையென்றால் வெறும் ஹாக்ஸா பிளேடைக் கையில் பிடித்து, நிப்பிளின் உட்சுவரில் 10 மி.மீ. இடைவெளியில் நீளவாக்கில் இரண்டு வெட்டு. எஞ்சின் பிளாக்கின் மரையைத் தொடும் முன் நிறுத்த வேண்டும். பளபளப்பான இரும்பில் மரையின் கோடுகள் கறுப்பாக எட்டிப்பார்க்க ஆரம்பித்தால் அதுதான் எல்லை. நடுவில் நிற்கும் பட்டையைச் சின்ன உளியால் உள்பக்கமாக மடக்கினால் மீதி வளையம் தளர்ந்துவிடும்.

பட்டறை_ராசா:
அண்ணே சொன்னது சரி. ஆனா பைப்பை மேலே வரைக்கும் ஷெட்யூல் 40-லயே போடாதீங்க. அது ஒரு மீட்டருக்கு 2.5 கிலோ. 18 இன்ச்சுக்கு ஒரு கிலோவுக்கு மேல. அதோட எல்போ, மூடி, சைலன்சர் உடம்பு. ஒத்தை சிலிண்டர் எஞ்சின் 3,600 சுத்துல உதறுற உதறலுக்கு அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். வெடிக்கிறது பைப் இல்லை, பிளாக்ல இருக்கிற மரை. அது போனா ரொம்பச் செலவு. போர்ட்டுல இருந்து எல்போ வரைக்கும் மட்டும் கனத்த நிப்பிள். அதுக்கு மேல 1½ இன்ச் எக்ஸாஸ்ட் டியூப், 16 கேஜ் போதும். போர்ட்டைவிடக் குறுகலா எங்கேயும் போகக் கூடாது.

கண்டிப்பா ஒரு தாங்கு வேணும். 25×3 மி.மீ. பட்டையில பிராக்கெட், யூ-கிளாம்ப். உங்க 124-ல எஞ்சின் நேரா ஃபிரேமோட போல்ட் ஆகியிருக்கு, அதனால ஃபிரேம்ல இருந்தே தாங்கலாம். பின்னாடி வந்த, ரப்பர் மவுண்ட் வச்ச குயட் லைன் வண்டிகளுக்கு இது ஆகாது. எஞ்சின் ஆடும், ஃபிரேம் ஆடாது, நடுவுல பைப் முறியும். அதுல எஞ்சின்லயே கட்டணும். பிராக்கெட் ஓட்டையை மேல கீழா நீள ஓட்டையா போடுங்க, சூட்டுல டியூப் ஒண்ணு ஒன்றரை மில்லி நீளும். ஹெட் போல்ட்டுக்கு அடியில மட்டும் பிராக்கெட்டைச் சொருகாதீங்க, கேஸ்கெட் போயிடும்.

வால்வு கருகுறதுக்குக் காரணம் திறந்த பைப் இல்லை, டேப்பெட் இடைவெளியும் (வால்வுக்கும் அதைத் தூக்குற டேப்பெட்டுக்கும் நடுவுல உள்ள சந்து) பெட்ரோல் கம்மியான கலவையும்தான். எக்ஸாஸ்ட் டேப்பெட் குளிர்ந்த எஞ்சின்ல 0.017–0.020 இன்ச். முதல்ல அதை ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கிற மெல்லிய தகடு) வச்சுப் பாருங்க. பைப்பு மாத்தின பிறகு லோடுல திணறினா கார்பரேட்டர்ல பெட்ரோல் அளவை மாத்துற மெயின் ஜெட் திருகை எட்டுல ஒரு சுத்து திறந்து பாருங்க.

அதுக்காக வெறும் பைப்போட ஓட்டச் சொல்லலை, காது போயிடும். சைலன்சரை டியூபுக்குள்ளயே வைக்கலாம். வெளியே 2½ இன்ச் டியூப், 10 இன்ச் நீளம், ரெண்டு பக்கமும் தகடு வச்சு வெல்டிங். நடுவுல 1½ இன்ச் டியூப் ஊடுருவிப் போகும். உள் டியூபின் நட்டநடுவில் ஒரு வட்டத் தகட்டை வெல்ட் பண்ணி அடைச்சிடுங்க. தகட்டுக்குக் கீழே 5 மி.மீ. ஓட்டை 80, மேலே 80. புகை கீழ் ஓட்டையில வெளியேறி, மேல் ஓட்டையில திரும்ப உள்ளே வரும். தடுப்புத் தகடு இல்லாம பஞ்சு மட்டும் அடைச்சா கீச்சுச் சத்தம்தான் குறையும், அந்த ‘தம் தம்’ அப்படியே இருக்கும். ஓட்டைக் கணக்கில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 40-ல நிறுத்தினா எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

ஓஹாயோ_வேலு:
கட்டை வந்துவிட்டது, மெழுகுக்கு நன்றி. கறுப்பு எல்போ ஆன்லைனில் வாங்கினேன். புது நிப்பிள் அதில் இரண்டு சுற்றுதான் ஏறுகிறது, அப்புறம் இறுகிவிடுகிறது. டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கலாமா? எல்போவையும் டியூபையும் வெல்டிங் செய்யலாமா?

கோவை_லேத்:
நிறுத்துங்கள், பலம் போடாதீர்கள். அந்த எல்போ பிஎஸ்பி மரையாக இருக்கும். நம் ஊரில் எல்லாமே பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு), அமெரிக்க எஞ்சினில் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை அளவு). 1 இன்ச்சில் பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 11 மரை, 55 டிகிரி. என்பிடிக்கு 11½ மரை, 60 டிகிரி. வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்று என்பதால் முதல் இரண்டு சுற்று ஏமாற்றும். மரை கேஜை வைத்தால் ஐந்தாறு பல்லுக்குள்ளேயே விலகல் தெரியும். இதே பிஎஸ்பி மரையைப் பிளாக்கில் முடுக்கியிருந்தால் வார்ப்பிரும்பு மரை தேய்ந்திருக்கும்.

டெஃப்லான் 260 டிகிரியைத் தாண்டினால் சிதையும், அந்தப் புகையும் நல்லதில்லை. மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் நிக்கல் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகப் பூசுங்கள். அடுத்த முறை ஹாக்ஸா வேலை இருக்காது. எல்போ மேலியபிள் வார்ப்பாக இருந்தால் வெல்டிங் வேண்டாம், சூடு பட்ட ஓரம் நொறுங்கும். எல்போவில் ஒரு குட்டி நிப்பிளை முடுக்கி, அதன் மேல் 1½ இன்ச் டியூபைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இடைவெளிக்கு வளையம் கடைந்து போடலாம்.

கிரீஸ்_கை:
தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. எல்போவின் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். மழைநீர் மட்டுமல்ல, குளிர்காலத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளே வியர்க்கும் நீரும் அதில்தான் வடியும். ஓட்டையைச் சுற்றிக் கறுப்புக் கறை படியும், அது சாதாரணம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்று, நிமிர்ந்த குழாய் வழியே மழை இறங்கினால் முதலில் வால்வு சீட்டும் ரிங்கும் துருப்பிடிக்கும். நிறைய இறங்கினால் அடுத்த ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளையும்.

எடை வைத்த தட்டுமூடி மாட்டுங்கள். கீல் ஓட்டுநர் பக்கம் இருந்தால் திறந்த மூடியே புகையை முன்பக்கம் தள்ளும். ட்ரெய்லரில் ஏற்றும்போது மட்டும் எதிர்காற்று அதைத் தூக்கிவிடும், மேலே ஒரு தகர டின்னைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். குழாய் முனை மூக்கு மட்டத்தில் வந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக முகத்துக்குத்தான்.

பானெட்டை வெட்ட வேண்டாம். போர்ட் பக்கமாகவே வெளியே கொண்டுவந்து, பானெட்டுக்கு 25 மி.மீ. தள்ளி நிமிர்த்துங்கள். எல்போவுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள், இரண்டையும் தொடாமல். இல்லையென்றால் அரை மணி புல் வெட்டிவிட்டு நிறுத்தும்போது கார்பரேட்டர் கொதித்து, பெட்ரோல் ஆவியாகி, சூடான வண்டி ஸ்டார்ட் ஆகாது; நீங்கள் காரணம் தெரியாமல் இக்னிஷன் காயிலை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.