புதுப்பிப்பு: பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்ததற்கு ஹெல்பர் ஸ்பிரிங் போட்டாயிற்று

சரக்கு ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது, ஸ்பிரிங்கில் கூடுதல் இரும்புப் பட்டையா, பாரம் தாங்கும் காற்றுப் பையான ஏர் பேக்கா, ஹெல்பர் எனும் துணை ஸ்பிரிங்கா, எதைப் போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘முதலில் அளந்து பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. காலி வண்டிக்கும் 800 கிலோ ஏற்றிய வண்டிக்கும் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) உயரத்தில் 11 சென்டிமீட்டர் வித்தியாசம். பழைய பட்டைகளில் விரிசல் இல்லை. அதனால் பாரம் ஏறியபின் மட்டும் வேலை செய்யும் ஹெல்பர் மாட்டினேன். காலியாக நிற்கும்போது அதன் நுனிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். இப்போது அதே பாரத்துக்கு 6 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. காலி ஓட்டம் முன்போலவே மென்மை.

எதிர்பாராதது பிரேக். பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே வால்வுக்குப் போகிறது. பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறதோ அதற்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டுவது அதுதான். இப்போது வண்டி அவ்வளவு தாழாததால், பாரமே குறைவு என்று அது ஏமாந்துவிட்டது! பாரத்தோடு நிறுத்தும்போது முன்பக்கம் மட்டும் அழுந்தியது. மெக்கானிக் கம்பியைச் சரிசெய்த பிறகு நிம்மதி.

அப்புறம், 500 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன். நாலுமே கால் சுற்று இறுகின.

வண்டிக்கு அனுமதித்த எடை பழையதுதான். ஹெல்பர் போட்டதால் அது ஒரு கிலோகூட ஏறாது.