எவரெஸ்ட் ஹெலிகாப்டர் சுற்றுலா: கும்பு பள்ளத்தாக்குக்குத் தேவையா?

மலைக்காகம்:
2025 ஜனவரி முதல், கும்புவும் எவரெஸ்டும் அடங்கிய நேபாளத்தின் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் வணிக ஹெலிகாப்டர்கள் பறக்கக் கூடாது என்று பூங்கா நிர்வாகம் அறிவித்தது. உள்ளூர் இளைஞர்கள் ஹெலிபேடுகளில் கொடி நட்டு மறித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். லுக்லா, நாம்சே, தெங்போச்சே, பெரிச்சே என்று ஊர் ஊராக எவரெஸ்ட் அடிவாரத்துக்கு நடைபாதை போகும் அதே இடுக்கில்தான் ஹெலிகாப்டரும் போகிறது. இருபுறமும் செங்குத்து மலை என்பதால் சத்தம் மேலே கலைந்து போகாமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். கஸ்தூரி மானும் இமாலயத் தார் என்னும் காட்டாடும் வாழும் காடு அது. இன்னொன்று, ஏறும்போது நடந்து போகிறவர்களும் இப்போது நடைபாதையின் மேல்முனையில் இருக்கும் கோரக்‌ஷேப்பிலிருந்து பறந்தே இறங்கிவிடுகிறார்கள். வழியில் இருக்கும் விடுதிகளுக்கு அத்தனை இரவு வாடகையும் சாப்பாட்டுக் காசும் போச்சு, சுமைதூக்கிக்குக் கூலியும் போச்சு.

ககனசாரி:
சத்தம் உண்மைதான். ஆனால் ஏதோ தான்தோன்றித்தனமாகப் பறக்கிறார்கள் என்பதுபோல எழுதாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஓடுவது ஏர்பஸ் எச்125, அதாவது பழைய ஏஎஸ்350 பி3 குடும்பம். 2005 மே 14 அன்று எவரெஸ்ட் உச்சியிலேயே இறங்கிக் காட்டிய வகை. காத்மாண்டுவிலிருந்து விமானியோடு ஐந்து பயணிகள். லுக்லாவில் எரிபொருள் நிரப்புவார்கள். சுமார் 4,300 மீட்டரில் இருக்கும் பெரிச்சேயில் கூட்டத்தைப் பிரித்து, இரண்டு மூன்று பேராகத்தான் எவரெஸ்டைப் பார்க்கும் மேடான காலாபத்தருக்கு ஏற்றுவார்கள். அந்த மேடு இருக்கும் சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். விசிறிக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினின் திறனும் குறையும். அதனால் எரிபொருளையும் அளந்துதான் வைப்பார்கள். நூறு லிட்டர் என்றால் 80 கிலோ, அதாவது ஓர் ஆள் எடை. முன்பதிவில் எடையைக் குறைத்துச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் கெடுக்கிறார்கள்.

மலைக்காகம்:
நீங்கள் சொல்வதே என் வாதத்துக்குத் துணை. ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பெரிச்சேக்கு மேலே இரண்டு முறை போய்வர வேண்டும். விலங்குகளுக்கு ஒதுங்க இடமே இல்லாத உயரத்தில் சத்தம் இரட்டிப்பாகிறது.

தாமிரபரணி:
மூச்சுத் திணறல் பற்றி யாரும் பேசவில்லையே? 1,400 மீட்டர் காத்மாண்டுவிலிருந்து ஒரே காலையில் 5,500 மீட்டர். வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் நிறைய.

ககனசாரி:
மேலே நிற்பது ஐந்து பத்து நிமிடம்தான், எஞ்சினையும் அணைக்க மாட்டார்கள். மலை நோய் தலைகாட்டப் பொதுவாகச் சில மணி நேரமாகும். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் உடனே இறங்கிவிடும், தலை சுற்றும். இதய நோய், நுரையீரல் நோய், கடும் ரத்தசோகை, கர்ப்பம் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் போகவே கூடாது. படம் எடுக்க ஓடக் கூடாது. தொப்பியைக் கழற்றிவிட்டு, விமானி கைகாட்டிய பிறகு முன்பக்கமாகவே ஏற வேண்டும். சரிவில் நிற்கும்போது மேட்டுப் பக்கத்திலிருந்து அணுகினால் விசிறி தலை உயரத்தில் இருக்கும். வால் விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது.

மலைக்காகம்:
ஐந்து நிமிடம் என்பது வானிலை ஒத்துழைத்தால்தான். முற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று மேலே தள்ள, கீழிருந்து மேகம் ஏறி வரும். மூன்று பேர் மேலே போயிருக்க, இரண்டு பேர் பெரிச்சேயில் காத்திருக்கும்போது மூடிக்கொண்டால்? மெல்லிய ஜாக்கெட்டோடு அங்கேயே இரவு தங்க வேண்டும். உடல் பழகாத ஆளுக்கு அன்றிரவு தலைவலியும் வாந்தியும் வர நிறையவே வாய்ப்பு உண்டு. 2023 ஜூலை 11-ஐ மறந்துவிட்டீர்களா? லுக்லாவுக்குப் பக்கத்துச் சுர்க்கேயிலிருந்து காலை பத்து மணி வாக்கில் காத்மாண்டு கிளம்பிய ஹெலிகாப்டர் லாம்ஜுரா பகுதியில் மோதியது. ஐந்து மெக்சிகோ பயணிகளும் விமானியும் இறந்தார்கள்.

ககனசாரி:
மறக்கவில்லை. பருவமழைக் காலம், பத்து மணி. இரண்டுமே தவறு. கண்ணால் பார்த்து ஓட்டும் பறத்தல் இது, மேகத்துக்குள் நுழைந்தால் மலை தெரியாது. அதற்குப் பிறகு செப்டம்பர் வரை மலைச் சுற்றுலா, கயிற்றில் (ஸ்லிங்) சரக்கைத் தொங்கவிட்டுத் தூக்குவது, பூத்தூவுவது எல்லாவற்றையும் விமானப் போக்குவரத்து ஆணையம் நிறுத்தியது. அதை ஆண்டுதோறும் நிரந்தர விதியாக்குங்கள். விடிந்ததும் கிளம்பி ஒன்பதரைக்குள் லுக்லாவுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்று கட்டுங்கள். முழுத் தடை வேண்டாம். சுற்றுலாக் கட்டணம்தான் அந்த ஹெலிகாப்டர்களை லுக்லாவில் நிறுத்தி வைக்கிறது. அது போனால் மீட்புக்குக் காத்மாண்டுவிலிருந்து வர வேண்டும்.

மலைக்காகம்:
மீட்பைச் சாக்காகச் சொல்லாதீர்கள். தேவையில்லாத மீட்புக்குக் காப்பீட்டுப் பணம் கறந்ததை 2018-இல் நேபாள அரசே விசாரித்தது.

ககனசாரி:
அது மீட்பு மோசடி. காசு கொடுத்து மலை பார்க்க வருகிறவரை அதில் ஏன் இழுக்கிறீர்கள்? காலாபத்தரில் இறங்காமல் வட்டமடித்துத் திரும்பட்டும். முன்னோக்கிப் பறக்க, அந்தரத்தில் நிற்பதைவிடக் குறைந்த திறன் போதும். இறக்கி ஏற்றும் சத்தமாவது குறையும்.

மலைக்காகம்:
பள்ளத்தாக்கின் தலைமாட்டில் திரும்ப இடம் குறைவு. ஐவரோடு அங்கே திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. சுமார் 3,780 மீட்டரில் இருக்கும் சியாங்போச்சே கடைசி எல்லையாக இருக்கட்டும். எவரெஸ்ட், லோட்சே, அமா தப்லாம் மூன்றும் அங்கிருந்தே தெரியும்.

தாமிரபரணி:
சியாங்போச்சேக்கு நேர் கீழேதான் நாம்சே இருக்கிறது. எல்லா ஹெலிகாப்டரும் அங்கேயே இறங்கினால் நாம்சேக்காரர்கள் ஒப்புவார்களா? முதலில் ஒரு நாளைக்கு எத்தனை என்று சொல்லுங்கள்.