குருவுக்கு கிரீன் கார்டு: சீடர்கள் தரும் ஆதரவுக் கடிதம் எதற்கு உதவும்?

பரணி_என்ஜே:
அமெரிக்காவில் ஆர்-1 விசாவில் (சமயப் பணியாளருக்கான தற்காலிக விசா) இருக்கும் சைவ சித்தாந்த ஆசிரியர் ஒருவருக்காக, அவர் வகுப்பெடுக்கும் கோயில் ஐ-360 மனு (கிரீன் கார்டுக்கு முதற்படியான சமயப் பணியாளர் மனு) போடப்போகிறது. வகுப்புக்கு வருகிறவர்களிடம் ஆதரவுக் கடிதம் கேட்கிறார்கள். என்ன எழுதணும்? அவருடைய செலவை நான் ஏற்பதாக ஐ-864 போட்டுக் கொடுத்தால் மனு வலுவாகுமா? நோட்டரி முத்திரை வேணுமா?

கணக்கர்:
ஐ-864 வேண்டாங்க. அது பெரும்பாலும் குடும்ப வழி மனுக்களுக்கான படிவம். ஐ-360-ஐ குருவே போடலாம், இல்லையென்றால் அவருக்கு வேலை தரும் சமய அமைப்பு போடலாம்; சீடர் போட முடியாது. சம்பளமோ, தங்குமிடமும் சாப்பாடுமோ, அந்த அமைப்பு தருவதாகத்தான் காட்டணும். "நான் பார்த்துக்கிறேன்" என்று நீங்கள் எழுதினால், கோயிலுக்கு வசதியில்லையோ என்ற சந்தேகம்தான் வரும். கொடுக்க நினைப்பதைக் கோயில் பெயருக்கு செக்காகக் கொடுங்கள். கணக்கில் ஏறும், பட்ஜெட்டில் சம்பளத்துக்கு ஒதுக்கிக் காட்டலாம். கவரில் வைத்துத் தரும் தட்சிணை எந்தத் தாளிலும் வராது.

மனுதாக்கல்:
கடிதம் பற்றி. மனு போடும் நாளுக்கு முந்தைய 2 வருஷம் அவர் தொடர்ந்து சமயப் பணி செய்திருக்கணும். அதற்கு முதல் சாட்சி டபிள்யூ-2 (வேலை தருபவர் கொடுக்கும் வருடாந்தரச் சம்பளச் சான்று), வருமான வரித் தாள்கள்தான். கடிதம் துணைக்கு வருவது. அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த மாதத்திலிருந்து வருகிறீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன பாடம், சுமார் எத்தனை பேர். "மகான், அவர் பார்வை பட்டாலே நோய் தீரும்" எல்லாம் அதிகாரிக்கு எதற்கும் பயன்படாது.

கெடுவது இங்கேதான். வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாத முழுநேர வேலை என்று கோயில் உறுதிமொழி கொடுத்திருக்கும். நீங்கள் பாசத்தில் "ஞாயிறு மட்டும் தொண்டாக வந்து பாடம் எடுப்பார்" என்று எழுதிவிட்டால் இரண்டும் மோதும். "ஆபீஸ் கணக்கையும் அவரே பார்ப்பார்" என்பதும் ஆபத்து, நிர்வாக வேலை சமயப் பணியில் சேராது. ஒரே கடிதத்தை ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதை விட ஆளுக்கொன்றாக எழுதிய ஆறு கடிதம் மேல். நோட்டரி தேவையில்லை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழி வரியும் தேதியும் கையெழுத்தும் போதும்.

ஆகமதாசன்:
எல்லோரும் கடிதத்திலேயே நிற்கிறீர்கள். அவரை எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பூஜை, சடங்கு நடத்த முழு அதிகாரம் பெற்ற சமய குருவா, வெறும் சமயப் பாட ஆசிரியரா? இரண்டாவது பிரிவுக்கு சட்டத்திலேயே காலக்கெடு உண்டு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது நீட்டித்தால்தான் நடக்கும். குருமாருக்கு அந்தத் தொல்லை கிடையாது. நிர்வாண தீட்சை (சைவத்தில் உயர்நிலை தீட்சை), ஆசாரியாபிஷேகம் (குருவாக அமர்த்தும் சடங்கு) ஆனவர் என்றால் செய்துவைத்த மடமோ ஆசாரியரோ தரும் கடிதமும், அந்த நிலையில் என்னென்ன செய்ய உரிமை என்ற விளக்கமும் சேர்க்கணும். பாடசாலைச் சான்று தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேணும். சீடர் கடிதத்தில் "டீச்சர்" என்று இருந்து மனுவில் "குரு" என்று இருந்தால் அதுவும் உறுத்தும்.

பரணி_என்ஜே:
நன்றி. சனிக்கிழமைகளில் வெளியே ஒரு யோகா ஸ்டுடியோவில் கட்டணம் வாங்கிப் பாடம் எடுக்கிறார். அதைக் கடிதத்தில் சொல்லலாமா?

மனுதாக்கல்:
கடிதம் இருக்கட்டும், முதலில் வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆர்-1-இல் மனு போட்ட அமைப்புக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். அனுமதியில்லாத வேலையும் மற்ற மீறல்களும் சேர்ந்து 180 நாளைத் தாண்டினால் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) கட்டத்தில் இடிக்கும். மறைத்து எழுதவும் வேண்டாம், கோயிலுக்குக் குடிவரவுத் துறையினர் நேரில் ஆய்வுக்கு வரலாம், ஸ்டுடியோ இணையதளத்தில் அவர் படமும் இருக்கும்.

கணக்கர்:
இன்னொன்று, தள்ளிப்போடாதீர்கள். ஆர்-1 மொத்தம் 5 வருஷம். இபி-4 (சமயப் பணியாளர்கள் அடங்கும் கிரீன் கார்டு பிரிவு) வரிசையோ 2023-லிருந்து நீண்டுகிடக்கிறது. 2 வருஷம் முடிந்ததுமே ஐ-360 போடுகிறவர்களுக்குத்தான் வரிசையில் முன்னால் தேதி கிடைக்கும்.