எட்டுக்கால் பூச்சி பூச்சியா, இல்லையா?

மடிப்பாக்கம் மாடித்தோட்டம்:
மாடியில் நான்கு கத்தரிச் செடி, இரண்டு ரோஜா வைத்திருக்கிறேன். போன மாதம் இலையெல்லாம் புள்ளி புள்ளியாக வெளுத்தது. இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை. கடைக்குப் போய் இலையைக் காட்டி, "பூச்சி விழுந்திருக்கு" என்றேன். பூச்சி மருந்து கொடுத்தார்கள். அடித்த பத்தாம் நாள் முன்பைவிட மோசம். அப்புறம்தான் தெரிந்தது, அது பூச்சியே இல்லை, எட்டுக் கால் உள்ள சிவப்புச் சிலந்திப்பேன். எனக்குக் கொடுத்த பைரித்ராய்டு வகை மருந்து அதைச் சரியாகக் கொல்லாது, அதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்றுவிடும். எதிரி இல்லாததால் அது பெருகிவிட்டது.

ஆறு கால் உள்ளதை மட்டும் பூச்சி என்று சொல்லிப் பழகக் கூடாதா? எட்டுக்கால் பூச்சி, வயிற்றுப் பூச்சி, பல் பூச்சி என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

மயிலாப்பூர் வாசகன்:
சொல்லின் மேல் பழி போடாதீர்கள் சார். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்க்காதது சொல்லின் குற்றமா? 'எட்டுக்கால் பூச்சி' என்ற பெயரையே பாருங்கள். நம் பாட்டிகள் காலை எண்ணிவிட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணின பிறகும் அது அவர்களுக்குப் பூச்சிதான். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு இடம் உண்டு.

பெரம்பூர் டீச்சர்:
நான் மாடித்தோட்டக்காரர் பக்கம். வகுப்பில் கணுக்காலிகள் பாடம் எடுக்கும்போது வருஷா வருஷம் இதே பாடுதான். பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என உடல் மூன்று பகுதி, மூன்று ஜோடிக் கால், ஒரு ஜோடி உணர்கொம்பு. சிலந்திக்கு உடல் இரண்டே பகுதி, நான்கு ஜோடிக் கால், உணர்கொம்பு கிடையாது. எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால், "மிஸ், அப்போ ஏன் எட்டுக்கால் பூச்சின்னு சொல்றோம்?" நியாயமான கேள்வி.

அதைவிட எனக்குக் கவலை பூச்சிப் பல். பல்லில் எந்தப் பூச்சியும் இல்லை. பாக்டீரியா சர்க்கரையைத் தின்று வெளியேற்றும் அமிலம் பல்லை அரிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பூச்சி என்று சொல்லிவிட்டதால், கண்டங்கத்திரி விதையைப் புகைத்து அதை 'வெளியே எடுக்க' இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தைக்குப் பல் வலி தொடர்ந்துகொண்டே இருக்கும். பெயர் தப்பானால் வைத்தியமும் தப்பாகிறது.

மேடவாக்கம் மணி:
எங்கள் பக்கம் ஏரி ஓரத்தில் பாம்பையே பூச்சி என்றுதான் சொல்வோம். "இருட்டில் பூச்சி பொட்டு இருக்கும், டார்ச் எடுத்துட்டுப் போ" என்றால் யாரும் கரப்பானைத் தேடுவதில்லை.

மயிலாப்பூர் வாசகன்:
மணி சொன்னதுதான் என் கட்சி. கேட்பவருக்குப் புரிகிறது.

டீச்சர், பூச்சிப் பல் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், அது பொய்யான நம்பிக்கை. ஆனால் அறிவியல் ஒரு எல்லையை வைத்துவிட்டது என்பதற்காகப் பேச்சுவழக்கைத் திருத்துவது வேறு விஷயம். அந்த எல்லையும் நேற்று போட்டதுதான். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் உயிர்களை வகைப்படுத்தியபோது சிலந்தி, தேள், நண்டு எல்லாவற்றையும் பூச்சி வகுப்பிலேயே வைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் பிரித்தார்கள். நம் தொல்காப்பிய மரபியலோ நண்டையும் தும்பியையும் சேர்த்து நான்கறிவு உயிர் என்கிறது. இன்றைய பாடத்தில் அவை இரண்டும் கணுக்காலிகள். பழையவர்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் வைக்கவில்லை.

இன்னொன்று. துல்லியம் வேண்டும் என்று நீங்கள் கொண்டுவந்த சொல் சிலந்திப்பேன். அது சிலந்தியும் இல்லை, பேனும் இல்லை. பேன் ஆறு கால் உள்ள அசல் பூச்சி!

மடிப்பாக்கம் மாடித்தோட்டம்:
அது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடையில் "சிலந்திப்பேன்" என்று சொல்லியிருந்தால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) கொடுத்திருப்பார்கள். "பூச்சி" என்றதால் வேறு மருந்து வந்தது. வீட்டில் பேசும்போது எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். மருந்து வாங்கும் இடத்தில் அந்த அகலம் உதவவில்லை.

பெரம்பூர் டீச்சர்:
மாத்திரை விஷயத்திலும் அப்படித்தான். பிப்ரவரி 10ஆம் தேதி பள்ளியில் அல்பெண்டசோல் கொடுப்பதை எல்லாரும் 'பூச்சி மாத்திரை' என்பார்கள். ஒரு பையன் வயிற்றுக்குள் கரப்பான் ஓடுவதாக நினைத்து அழுதான். குடற்புழு என்று சொல்லி, கொக்கிப்புழு வெறும் காலின் தோல் வழியாகவே உள்ளே போகும் என்று விளக்கினேன். மறுநாள் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தான்.

கந்தகம் அடிக்கிறவர்கள் உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு இலை கருகிவிடும்.

மயிலாப்பூர் வாசகன்:
அந்தப் பையனுக்கு நீங்கள் புழு என்று சொன்னது சரி, டீச்சர். அங்கே அதுதான் தேவை. ஆனால் காலை எண்ணி முடிவு கட்டலாம் என்பவர்களுக்கு ஒன்று: முட்டையிலிருந்து வந்த சிலந்திப்பேன் குஞ்சுக்கு ஆறே கால்தான். தோல் உரித்த பிறகுதான் எட்டாகும். கம்பளிப்பூச்சிக்கோ பார்வைக்குப் பத்துப் பதினாறு கால். அவற்றில் உண்மையான கால் ஆறுதான், மற்றவை சதைக்கால். உங்கள் கணக்குப்படி கம்பளிப்பூச்சியை வெளியே தள்ளி, சிலந்திப்பேன் குஞ்சை உள்ளே சேர்க்க வேண்டியிருக்கும்.

பெரம்பூர் டீச்சர்:
அதனால்தான் உணர்கொம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.

மடிப்பாக்கம் மாடித்தோட்டம்:
காலையில் பேரனின் லென்ஸை வாங்கிக் கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தேன். பெரியதற்கெல்லாம் எட்டுக் கால். நிறமில்லாத பொடிசுகள் சிலவற்றுக்கு ஆறு, வாசகன் சார் சொன்னபடியே. உணர்கொம்பு ஒன்றுக்கும் இல்லை. நான் இனி அதைப் பூச்சி என்று சொல்ல மாட்டேன்.