சோல் கழன்ற பனிச்சறுக்கு பூட்ஸ்: ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதியில் சரிசெய்ய முடியுமா?

வரும் மார்ச் மாதம், நார்வேயில் வசிக்கும் நண்பர்களுடன், உறைந்து கிடக்கும் காராஷோக் ஆற்றை ஒட்டிப் பனிச்சறுக்குக் கட்டைகளில் பயணம் செய்யவிருக்கிறேன். அங்கு வேலை பார்த்தபோது வாங்கிய தோல் பூட்ஸ், காட்பாடி வீட்டுப் பரணில் சில கோடைகளைக் கடந்தபின், சோல் முழுவதுமாகக் கழன்றுவிட்டது. பூட்ஸின் மேல்தோல் பகுதியான அப்பருக்கும் ரப்பர் சோலுக்கும் இடையிலுள்ள பாலியூரித்தேன் மிட்சோல், விரலால் அழுத்தினாலே ஈர மணலாய் உதிர்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் அந்தப் பொருளை நாளடைவில் சிதைத்துவிடும். தோலும் தையலும் இன்னும் உறுதியாகவே உள்ளன.

இது 75 மில்லிமீட்டர் மூன்று முள் வகை. வாத்தின் அலகுபோல முன்னே நீண்ட சோலின் அடியில் மூன்று துளைகள் உள்ளன. கட்டையிலுள்ள முட்கள் அவற்றில் பொருந்த வேண்டும். ஆகவே துளைகளின் இடமும், முன்பக்கத்தின் அகலமும் கனமும் சற்றும் மாறக்கூடாது. காராஷோக்கில் 1886இல் மைனஸ் 51.4 பாகை பதிவாகியிருக்கிறது. அத்தகைய ஊரில், ஆள் நடமாட்டமில்லாத ஆற்றின் நடுவே சோல் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், இதில் அரைகுறை வேலை உதவாது.

வேலூரில் செருப்புத் தைக்கும் ஒருவர் நியோபிரீன் பசையால் ஒட்டித் தந்தார். உதிரும் மிட்சோலில் அது பிடிக்கவில்லை. ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில், ஒற்றை ஜோடியை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். புதியது வாங்கலாம் என்றால், என் அகலமான பாதத்துக்கு இணையத்தில் அளவு கிடைக்கவில்லை.

பழைய மிட்சோலை அகற்றி, கடுங்குளிரிலும் விறைக்காத ரப்பரில் புதிய சோலைத் தைத்து, துளைகளை அதே அளவில் அமைத்துத் தரும் பட்டறை ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி வட்டாரத்தில் எங்கே உள்ளது?