அப்டேட்: பிளாட்டினம்-டின் வினையூக்கி செத்துப்போகல

போன வாரம் போட்டிருந்தேன்ல, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மேல இருக்கற பிளாட்டினம்-டின் (வெள்ளீயம்) வினையூக்கிய, அது மேல படிஞ்ச கார்பன எரிக்க 400 டிகிரில காத்துல சூடாக்கினதும் கார்பன் மோனாக்சைடு பிடிக்கறது (எவ்ளோ பிளாட்டினம் வெளிய தெரியுதுன்னு இத வச்சுத்தான் பாப்போம்) ரொம்ப கொறஞ்சு போச்சுன்னு, நெறைய பேர் துகள் எல்லாம் ஒண்ணா ஒட்டி பெருசாயிடுச்சுன்னு சொன்னீங்க, நானும் அப்படித்தான் பயந்தேன். அது இல்லங்க! எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ்ரே விட்டு மேற்பரப்புல எந்த தனிமம் எந்த நிலையில இருக்குன்னு பாக்கற முறை) எடுத்தா டின் சிக்னல் 487 எலக்ட்ரான் வோல்ட் கிட்ட, அதாவது ஆக்சைடு, உலோகமா இருந்தா 485 பக்கம் வந்திருக்கணும். ஆக்சிஜன் மேல டின்னுக்குத்தான் ஆசை அதிகம், அலாய்ல (உலோகக் கலவை) இருந்து பிரிஞ்சு மேல வந்து பிளாட்டினத்த மூடிடுது.

(அலுமினா வச்சிருக்கவங்க கவனிங்க, எக்ஸ்.பி.எஸ்.ல பிளாட்டினத்தோட 4எஃப் சிக்னல் மேல அலுமினியத்தோட 2பி சிக்னல் வந்து உக்காந்துக்கும், அதனால பிளாட்டினத்துக்கு 4டி சிக்னல பாருங்க. எனக்கு ரெண்டு நாள் இதுலயே போச்சு.)

அப்புறம் ஹைட்ரஜன்ல 500 டிகிரில திரும்ப ஒடுக்கினேன் (அதாவது ஆக்சிஜன வெளிய எடுத்தேன்), பிடிக்கற அளவு கிட்டத்தட்ட பழையபடி வந்துடுச்சு. துகள் பெருசாகியிருந்தா இது நடக்காது. 2008லயே பெர்க்லில சோமோர்ஜாய் குழு ரோடியம்-பல்லேடியம் துகள்ல இதே மாதிரி காட்டியிருக்காங்க, நைட்ரிக் ஆக்சைடு விட்டா ரோடியம் மேல, கார்பன் மோனாக்சைடும் சேர்த்து விட்டா பல்லேடியம் மேல. முதல்லயே அத படிச்சிருக்கணும். அடுத்து 300 டிகிரில மெதுவா எரிச்சு பாக்கப்போறேன்.