பழைய வேலையை விட்டுப் புது வாழ்க்கைக்குப் போகிறவர்களுக்கு: பட்டறிந்தவர்களின் குறிப்புகள்

கேள்வி கேட்டவர்

நாற்பதுக்கு மேல் தொழிலை மாற்றுவது, பழகிய இடத்தை விட்டு வேறிடத்தில் வேர் பிடிப்பது பற்றி "மனசு சொல்வதைக் கேள்" வகை அறிவுரைகள் போதும் போதும் என்ற அளவுக்குக் கிடைக்கின்றன. இங்கே அவை வேண்டாம். எதை முதலில் செய்வது, எவ்வளவு காலம் பிடிக்கும், எங்கே உடையும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சொந்தக் கதை தேவையில்லை, அதிலிருந்து வடிகட்டிய நடைமுறையை மட்டும் எழுதுங்கள்.

கணக்கு வழக்கு பார்ப்பவர்

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பலர் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள்.

மாதச் செலவை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஆண்டுக்கொரு முறை வருகிற காப்பீடு, கல்விக் கட்டணம், வண்டிப் பழுது எல்லாம் நினைவில் நிற்காது. 12 மாத வங்கிப் பதிவை எடுத்து, மொத்தச் செலவை 12ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் அலகு. இனி சேமிப்பைத் தொகையாகப் பார்க்காமல் இந்த அலகில் பாருங்கள்.

கையில் 12 மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது என்று வையுங்கள். பயிற்சிக்கும் கருவிகளுக்கும் 3 மாத அளவு கரைந்துவிடும், மிச்சம் 9. புதுத் தொழிலில் செலவின் மூன்றில் ஒரு பங்கு வருமானம் வரத் தொடங்கினால் 9 என்பது பதின்மூன்றரை மாதம் ஓடும். பாதி வந்தால் 18 மாதம். அதாவது, சேமிப்பை இன்னும் பெருக்கிவிட்டுப் போகலாம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, சின்ன வருமானம் ஒன்றைச் சீக்கிரம் உண்டாக்குவது அதிகப் பலன் தரும்.

இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. முதல் நாளே வருமானம் தொடங்கிவிடும் என்று எழுதிவிடுகிறார்கள். வேலை கிடைக்க வேண்டும், முடித்துக் கொடுக்க வேண்டும், பில் போட வேண்டும், அதன்பின்தான் பணம். முதல் 3 மாதத்துக்கு வரவு சுழியம் என்று போடுங்கள். அப்போது 9இல் 6 மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு வருமானத்தோடு அது 9 மாதம் தாங்கும். ஆக மொத்தம் 12 மாதம்தான், பதின்மூன்றரை அல்ல.

நிறுத்தக் கோட்டை முன்பே எழுதி வையுங்கள்: "3 மாத அலகு மிஞ்சும்போது பழைய வகை வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குவேன்." சுழியத்தைத் தொட்டபிறகு வேலை தேடுகிறவர் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுதிய தாளை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நெருக்கடி வரும்போது அந்தக் கோட்டைத் தள்ளிவைக்க உங்கள் மூளை ஆயிரம் காரணம் கண்டுபிடிக்கும்.

முடிந்தவரை இருக்கிற வேலையில் இருந்தபடியே தொடங்குங்கள். ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களுக்குத் தோல்வி வாய்ப்பு, நேராகக் குதித்தவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. துணிச்சல் குறைந்தவர்கள் என்று அவர்களை யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

தொழில் மாறுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்

மேலே சொன்ன கணக்கோடு உடன்படுகிறேன். ஆனால் எதற்கு மாறுவது என்று தெரியாதவர்கள்தான் அதிகம், அவர்கள் கணக்குப் போட முடியாது.

உட்கார்ந்து யோசித்து "நான் யார்" என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் கிளம்பலாம் என்பது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. நடுவயதில் தொழில் மாறியவர்களை ஆராய்ந்த ஹெர்மினியா இபாரா சொல்வது நேரெதிர்: முதலில் சின்னச் சின்னதாகச் செய்து பார்க்கிறார்கள், செய்யச் செய்யத்தான் தெளிவு பிறக்கிறது. ஆகவே மூன்று துறைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வையுங்கள். அந்தச் சோதனைக்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும், முடிவில் யாரிடமாவது காட்டக்கூடிய ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது பொழுதுபோக்கு.

துறையில் இருப்பவர்களிடம் பேசும்போது "இந்த வேலை எப்படி இருக்கும்?" என்று கேட்டால் விளம்பர வாசகம்தான் பதிலாக வரும். 20 நிமிடம் போதும் என்று சொல்லி நேரம் வாங்குங்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அடுத்து, "இந்தத் துறையை விட்டுப் போனவர்கள் எதனால் போனார்கள்?" அதற்கடுத்து, "வேலை முடித்த எத்தனை நாளில் பணம் கைக்கு வருகிறது?" கிளம்பும் முன், இன்னும் இரண்டு பேரை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். நாலைந்து பேரிடம் செவ்வாய்க்கிழமையைக் கேட்டாலே பாதிக் கனவு தானாக உதிரும், அது நல்லதுதான்.

யாரிடம் கேட்பது? நெருங்கியவர்களிடம் அல்ல. மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6, அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8. காரணம் எளிது: உங்கள் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். பழைய வகுப்புத் தோழர், முன்பு ஒருமுறை சேர்ந்து வேலை பார்த்தவர், பக்கத்துப் பிரிவில் இருந்தவர் என்று பட்டியல் போடுங்கள்.

பட்டறை வைத்துக் கற்றுக்கொடுப்பவர்

பேச்சு பேச்சோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. ஐம்பது பேரிடம் விசாரித்துவிட்டு ஒரு நாள்கூட கை வைக்காதவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் சேர்ப்பவர்களும் அப்படித்தான். ஒரு படிப்பு முடிந்ததும் இன்னொன்று. இரண்டாவது படிப்பில் சேரும் முன், முதல் படிப்பில் கற்றதைக் கூலிக்குச் செய்திருக்கிறீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் நடுநாயகமான வேலையைக் கேட்பார்கள். அது தவறான வாசல். மானுடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவின் தையல்காரர்களிடம் பழகுநர்கள் கற்கும் முறையைப் பார்த்தார். அங்கே ஆடை உருவாகிற வரிசைக்குத் தலைகீழாகப் பாடம் நடந்தது. முதலில் பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது. அப்புறம் துண்டுகளை இணைத்துத் தைப்பது. கடைசியில்தான் துணி வெட்டுவது. பொத்தான் கோணினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டியது தப்பினால் துணியே போச்சு. இதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு: முடியும் கட்டத்தில் இருப்பவன் முழு ஆடையையும் தினமும் கையில் பிடித்துப் பார்க்கிறான். லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் இதைப் பொதுக் கோட்பாடாக எழுதினார்கள்: ஓரத்தில் நின்று உண்மையான வேலையில் சின்னப் பங்கெடுப்பவர் மெல்ல மெல்ல நடுவுக்கு வருகிறார்.

எந்தத் துறைக்கும் இதைப் பொருத்தலாம். தப்பினால் எளிதில் திருத்தக்கூடிய, முடிந்த பொருளைத் தொடுகிற வேலை எது என்று தேடுங்கள். பதிப்பகமென்றால் மெய்ப்பு (அச்சுப்பிழை) பார்ப்பது. மென்பொருளென்றால் சோதித்துப் பார்த்துப் பிழை எழுதுவது. சமையலறையென்றால் தட்டில் எடுத்து வைப்பது. தச்சென்றால் உப்புத்தாள் தேய்ப்பதும் மெருகெண்ணெய் பூசுவதும். தேய்க்கிறவனுக்குத்தான் எந்த இணைப்பில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று விரல் சொல்லும்.

இரண்டு எச்சரிக்கை. முந்தைய தொழிலில் உயர்ந்த பதவியில் இருந்தவர்கள் முதல் வாரமே பட்டறையை ஒழுங்குபடுத்த ஆலோசனை சொல்வார்கள். ஆலோசனை சரியாகவே இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள், குறைந்தது 3 மாதம். அடுத்தது, இலவச உழைப்புக்கு எல்லை போடுங்கள்: இத்தனை வாரம், இன்ன வேலை, முடிந்ததும் கூலி பற்றிப் பேச்சு. இது முதல் நாளே பேசப்படாவிட்டால் பிறகு பேசவே முடியாது.

கேள்வி கேட்டவர்

இதெல்லாம் உள்ளே நுழைவது பற்றி. பழையதை விட்டு வெளியே வருவதற்கு நடைமுறை ஏதாவது உண்டா? பலர் உடலளவில் மாறிவிட்டுப் பத்து வருடம் கழித்தும் "முன்னாள்" என்றே வாழ்கிறார்கள்.

சமூகவியல் படித்தவர்

இதை ஆராய்ந்தவர் ஹெலன் ரோஸ் ஈபாக். அவரே கன்னியாஸ்திரியாக இருந்து வெளியேறிச் சமூகவியலாளர் ஆனவர். வெவ்வேறு சமூகப் பாத்திரங்களை (தொழில், பதவி, உறவு போன்றவற்றை) விட்டு வெளியே வந்த 185 பேரைப் பேட்டி கண்டு 1988இல் எழுதினார். முதல் சந்தேகம், மாற்று தேடல், திருப்புமுனை, கடைசியாக "முன்னாள்" என்ற நிலையை அமைத்துக்கொள்வது என நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தைத்தான் யாரும் திட்டமிடுவதில்லை. வெளியே வந்தவரைச் சமூகம் பழைய பாத்திரத்தை வைத்தே நடத்தும், அவருக்குள்ளும் பழையதன் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

நடைமுறையில் அறிமுக வாக்கியம்தான் முதல் வேலை. "நான் இருபது வருஷம் வங்கியில் இருந்தேன், இப்போ..." என்று ஆரம்பித்தால் கேட்பவர் வங்கியைப் பிடித்துக்கொள்வார், மீதிப் பேச்சு முழுக்க வட்டி விகிதம்தான். நிகழ்காலத்தில், செய்கிற வேலையில், ஒரு உதாரணத்தோடு தொடங்குங்கள்: "பழைய புத்தகங்களின் பைண்டிங்கைப் பிரித்துப் புதுசாகக் கட்டுகிறேன். இப்போது கரையான் அரித்த ஒரு அகராதி கையில் இருக்கிறது." பழையது தேவைப்பட்டால் மூன்றாவது வாக்கியமாக வரட்டும். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், வாய் பழையதற்கே போகும்.

பழைய சகாக்களின் வாட்ஸாப் குழுக்களில் தொடர்வதா என்று கேட்பார்கள். தனித்தனி நட்பை வைத்துக்கொண்டு, குழுவை விட்டு வெளியே வருவது நல்லது. நட்பு உங்களோடு பேசும், குழு உங்கள் பழைய பதவியோடுதான் பேசும். வீட்டார் சற்று தாமதமாகத்தான் மாறுவார்கள். அவர்களிடம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, புதுத் தொழில் ஆட்களோடு நீங்கள் இருப்பதை ஒருமுறை நேரில் பார்க்கவிடுங்கள்.

குடிபெயர்ந்து வருகிறவர்களுக்குத் துணையிருப்பவர்

"இது என் இடம்" என்ற உணர்வு எப்போது வரும் என்பதற்கு என் பதில்: மணிக்கணக்கைப் பாருங்கள்.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாகக் குடிபெயர்ந்த 355 பேரைக் கேட்டும் முதலாண்டு மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தும் கணக்கிட்டார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு ஏறத்தாழ 50 மணி நேரம், நட்புக்கு 90, நெருங்கிய நட்புக்கு 200க்கு மேல். வாரம் 2 மணி நேரம் சந்தித்தால் 50க்கு 25 வாரம், 90க்கு 45 வாரம், 200க்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ஆறு மாதத்தில் "எனக்கு இங்கே யாருமே இல்லை" என்று புலம்புகிறவரிடம் கோளாறு ஒன்றுமில்லை, நாட்கள் ஆகவில்லை, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் அதிகம் ஏறவில்லை. வேலைக்கு வெளியே, சும்மா கூடியிருக்கும் நேரம்தான் ஏறியது. அலுவலகத்தில் தினம் எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும் அந்நியமாக உணர்வதற்கு இது ஒரு விளக்கம்.

அடிக்கடி நடக்கும் தப்பு: திங்கள் ஒரு குழு, புதன் இன்னொன்று, அடுத்த வாரம் வேறொன்று. யாரிடமும் மணி சேராது. ஒரே ஒரு குழு, ஒரே கிழமை, ஒரே நேரம், எதிரே ஏறக்குறைய அதே முகங்கள். முன்கூட்டியே போய் நாற்காலி போடுவது, முடிந்தபின் பாத்திரம் கழுவுவது போன்ற பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சியின்போது யாரும் பேசமாட்டார்கள், முன்னும் பின்னும்தான் பேச்சு. அப்படிப் பேசுகிறவர்களில் ஒருவரோடு வேறொரு நாள் நடக்கவோ உட்காரவோ நீங்களாகவே அழைக்க வேண்டும். அழைப்பு வரும் என்று இருந்தால் இருக்க வேண்டியதுதான்.

வீடு பார்க்கும்போதும் இது உதவும். ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூவரும் 1950இல் வெளியிட்ட மாணவர் குடியிருப்பு ஆய்வில், அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். அதே தளத்தின் மறுகோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10. மாடிப்படியும் தபால்பெட்டியும் பக்கத்தில் இருந்த வீட்டாருக்கு மேல்தளத்து நண்பர்களும் கிடைத்தார்கள். அமைதி என்று மூலை வீட்டைத் தேடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

கடைசியாக ஒன்று. தவறான முடிவு எடுத்துவிட்டோமா, இல்லை இது வழக்கமான தொய்வா, எப்படிப் பிரித்தறிவது?

குடிபெயர்ந்து வருகிறவர்களுக்குத் துணையிருப்பவர்

தொய்வுக்குக் காலம் உண்டு. ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா சென்றுவந்த நார்வே நாட்டவர்களில் 6 முதல் 18 மாதம் தங்கியவர்களே மிகக் குறைவாகப் பொருந்தியிருந்தார்கள். அதற்குக் குறைவாகவோ கூடுதலாகவோ தங்கியவர்கள் மேல். தொடக்கத்தில் நன்றாக இருந்து, நடுவில் தொய்ந்து, பிறகு மேலெழும் இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அந்த இடைவெளிக்குள் மூட்டை கட்டும் முடிவை எடுக்காமலிருப்பது பாதுகாப்பு.

பட்டறை வைத்துக் கற்றுக்கொடுப்பவர்

8 வாரம் ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வரி: இன்று வேலையே எப்படி இருந்தது, அதாவது கையில் செய்த பகுதி. இன்னொரு வரி: வேலையைச் சுற்றியிருந்தது எப்படி, பணம், ஆட்கள், பயணம், தனிமை. இரண்டையும் கலந்து எழுதினால் பயன்படாது. முதல் வரி பரவாயில்லை, இரண்டாம் வரி மோசம் என்றால் தொழில் சரி. இடத்தையோ ஆட்களையோ கூலியையோ மாற்றிப் பாருங்கள். முதல் வரியே வாரக்கணக்கில் வறண்டு கிடந்தால், சுற்றியிருப்பது எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தொழிலை மாற்றுங்கள். 8 வாரம் முடியும்வரை பின்னால் புரட்டிப் படிக்க வேண்டாம், படித்தால் நேற்று எழுதியதற்கு ஏற்றபடி இன்று எழுதுவீர்கள்.